பழைய பெட்டிக்குள் புது மெஷின்

பொன்முடியில் ஒரு எஸ்டேட் லயத்தில் தங்கிக் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. கூரை ஒழுகியது. பஸ் வரும் என்று காத்திருந்து, வராது என்று தெரிந்ததும் கீழே நடந்தேன். வித்துராவில் ஒரு ஓட்டலில் கொஞ்ச நாள் தட்டு கழுவினேன். அங்கேயும் சரிப்படவில்லை. அப்புறம்தான் திருவனந்தபுரத்துக்கு, அப்பாவிடம் போகலாம் என்று தோன்றியது. வேறு போக்கிடம் இல்லாதபோதுதான் எனக்கு அப்பாவின் நினைவு வரும். அது அவருக்கும் தெரியும். வந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். போகும்போதும் கேட்கமாட்டார்.

ஆரியசாலையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை. கல்யாணக் கார்டு, பதினாறாம் நாள் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ் என்று தமிழில் எது அச்சடிக்க வேண்டியிருந்தாலும் அந்தத் தெருவின் வியாபாரிகள் அங்கேதான் வருவார்கள். அப்பா கம்ப்யூட்டரில் அடித்து, டிரேசிங் பேப்பரில் எடுத்து, பக்கத்துச் சந்திலிருக்கும் பிரஸ்ஸுக்குக் கொடுப்பார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். அந்த ஊரில் தமிழர் வீட்டுக் கார்டு அப்படித்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்ததும் மலையாளத்தில். தமிழ் எழுத்துகளை நான் கற்றது, அப்பா பிழையாக அடித்துக் கீழே தள்ளிய கார்டுகளிலிருந்து. அதனால் வெகுகாலம் யாருக்காவது இரண்டு வரி எழுத வேண்டி வந்தால் ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ’ என்றுதான் கை போகும். ஒரு முறை எஸ்டேட்டிலிருந்து அப்பாவுக்கு அப்படித்தான் எழுதினேன். பணம் அனுப்பச் சொல்லி.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். அப்பா ஷட்டரைத் தூக்கினார். கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினார். பிறகு வாசலைப் பெருக்கினார், தண்ணீர் தெளித்தார், சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றினார், எதிர்க்கடைக்குப் போய்ச் சாயா குடித்தார். திரும்பி வந்தபோதும் திரையில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவசரம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

வெள்ளையாக இருந்த பெட்டி. இப்போது மஞ்சளேறி, நிக்கோட்டின் படிந்த பல் மாதிரி இருந்தது. உள்ளே விசிறி, அரைக்கிற மாதிரி சத்தம் போடும். அப்பா ஒரு வரி அடித்துவிட்டு நிறுத்துவார். திரையில் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் பொறுத்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அவை வந்து சேரும்வரை அப்பா கையெழுத்துப் பிரதியை வாசித்துக்கொண்டிருப்பார். அடித்த வரியையே திரும்பத் திரும்ப வாசிப்பார். உதடு அசையும்.

“அப்பா, இதை மாத்திரலாம்.”

“எதைலே?”

“இந்தக் கம்ப்யூட்டர.”

“ஏன், ஓடுதுல்லா?”

“எங்க ஓடுது? நடக்கக்கூட இல்ல.”

“நீயும்தான் ஓடிக்கிட்டே இருந்த. எங்க போய்ச் சேந்த?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் எனக்குக் கையில் வேறு வேலை இல்லை. வேலையில்லாதவனுக்குப் பிடிவாதம் அதிகம். நான் தினமும் சொன்னேன். அவரும் தினமும் ஒரு காரணம் வைத்திருந்தார். எழுத்துரு வராது என்றார். பழைய கார்டெல்லாம் போய்விடும் என்றார். புது மெஷின் கரண்ட் தின்னும் என்றார். ஒரு நாள் ஒன்றும் அகப்படாமல், “ஒங்க அம்மை இருக்கும்போது வாங்கினது” என்றார். அம்மா அந்தப் பெட்டியைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அதை அவரிடம் சொன்னேன். “அதுவும் சரிதான்” என்றார். சிரிக்கவில்லை.

சாலைக் கடைத்தெருவின் கோடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மலையாளி ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டிவந்தேன். பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து தூசி கட்டியாக விழுந்தது.

“சேட்டா, இதுக்குள்ள நெல்லு கிருஷி செய்யலாமே” என்றார் அவர்.

அப்பாவின் காரணங்களை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் வழி சொன்னார். எழுத்துரு வரும். பழைய கார்டுகள் அத்தனையும் அப்படியே வரும். கீபோர்டுகூட இதுவே போதும். கடைசியில் காரணம் எதுவும் மிச்சமில்லை. அப்பா பெட்டியின் மூடியை எடுத்து அவரே மாட்டினார்.

“இப்ப வேண்டாம். ஆவணி முகூர்த்தம் கழியட்டே” என்றார்.

ஆவணியில்தான் அந்தப் பிழை நடந்தது.

அப்பா எப்போதும் புதுப் பக்கம் திறந்து கார்டு அடிக்கமாட்டார். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். பழைய வீட்டுக் கார்டு ஒன்றைத் திறந்து, அதன் மேலேயே புது வீட்டுப் பெயர்களை அடிப்பார்கள். தேதி மாறும், மண்டபம் மாறும், பிள்ளையாரும் ஓரத்து வாழைமரமும் அப்படியே நிற்கும். மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி வீட்டுப் பேத்தியின் கல்யாணத்துக்கும் அப்படித்தான் ஒரு பழைய கார்டைத் திறந்தார். அந்தப் பழைய வீட்டில் தாத்தா உயிரோடில்லை. அதனால் அவர் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று இருந்தது. அப்பா பெயரை மாற்றினார். முன்னாலிருந்த சொல் அங்கேயே நின்றுவிட்டது.

அச்சுக்கு முன் புரூஃப் பார்க்க அண்ணாச்சி தன் பேரனை அனுப்பியிருந்தார். வங்கியில் வேலை பார்க்கும் பிள்ளை. அவன் மலையாளப் பக்கத்தை ஊன்றி வாசித்தான். அதில் பிழையில்லை. தமிழ்ப் பக்கத்தைத் திருப்பி, பிள்ளையார் நேராக இருக்கிறாரா என்று பார்த்து, “கொழப்பமில்ல மாமா, ஓகே” என்று கையெழுத்துப் போட்டான். அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அண்ணாச்சி மட்டும்தான்.

கார்டுக் கட்டுகள் போன மறுநாள், கூட்டம் ஓய்ந்த மதிய நேரத்தில், அண்ணாச்சி வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு கார்டு. நான்கு மூலையிலும் மஞ்சள்.

“என்ன வே, சௌக்கியமா?”

“இருக்கேன் அண்ணாச்சி. உள்ள வாங்க, உக்காருங்க.”

“உக்காரலாமா? செத்தவன் வந்து உக்காந்தா உம்ம கடைக்கு ஆவாதுல்லா?”

அப்பாவுக்குப் புரியவில்லை. அண்ணாச்சி கார்டை மேஜையில் வைத்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டார்.

“மொதக் கார்டை சாமிகிட்ட வைக்கலாம்னு மஞ்ச தடவுனேன். சும்மா வாசிச்சுப் பாத்தா, ஆளையே காணோம். கோயில்ல போய் என்ன சொல்லச் சொல்லுதீரு? சாமி, நான் ஏற்கெனவே ஒன் கிட்டதான் இருக்கேன்னா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வேடிக்கையாகத்தான் பேசினார். ஆனால் கார்டைத் தொட்ட விரலை அவர் இன்னும் எடுக்கவில்லை.

“மெஷின் அண்ணாச்சி” என்றார் அப்பா. “அழிச்சேன். அழிஞ்சுதா இல்லையான்னு திரையில வர நேரமாகும். வந்திருக்கும்னு நெனச்சுட்டேன்.”

“பேரன் பாத்தான்லா?”

“பாத்தாக.”

“அவன் நல்லாப் பாத்தான். அவனுக்குத் தமிழ்ல அவன் பேரே தெரியாது.” அண்ணாச்சி பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். “இத மாத்தும் வே. தை பொறந்தா எளையவளுக்கும் முடிக்கணும். அந்தக் கார்டும் உமக்குத்தான். ஆனா இந்த மெஷின்ல வேண்டாம்.”

கார்டுகளை மறுபடி அச்சடித்துக் கொடுத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். தெருவில் விஷயம் பரவிவிட்டது. சாயாக் கடையில் அப்பாவைப் பார்த்து, “எனக்கு எப்போ தேதி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்கள். அப்பா கிளாஸை வைத்துவிட்டு வந்துவிடுவார். அப்புறம் சாயாவைக் கடைக்கே கொண்டுவரச் சொன்னார். மிளகாய்க் கடை வீடு போய்விட்டால் அதன் பின்னால் பத்து வீடு போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய கடை என்பதே அந்தப் பத்து வீடுதான்.

ஒரு சாயங்காலம் அவராகவே சொன்னார். “மாத்திரலாம்லே.”

நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் மனம் மாறிவிடுவார்.

“ஆனா பெட்டி இதுவே இருக்கட்டும்.”

“எதுக்கு? புதுசு அழகா இருக்கும்லா.”

“இருக்கிற அழகு மதி, போதும். வர்றவன் கடை மாறிப் போச்சுன்னு நெனப்பான்.”

பழுது பார்ப்பவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா முன்னால் அல்ல, என் முன்னால். பிறகு அந்த மஞ்சள் பெட்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் புதிதாக வைத்து மாட்டிக் கொடுத்தார். கழற்றியவற்றை ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் அப்பா வழக்கம்போலப் பொத்தானை அழுத்திவிட்டு ஊதுவத்தியை எடுத்தார். தீக்குச்சியை உரசித் திரும்புவதற்குள் திரை முழுக்க வெளிச்சமாகி, எல்லாம் தயாராக நின்றது. சத்தமே இல்லை. எரிகிற குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். விரல் சுட்டதும் உதறினார். அன்று வாசல் பெருக்கவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஒரு காரியத்தைத் தொடங்கி முடிவுவரை கொண்டுபோனது அதிகம் இல்லை.

அப்பா ஒரு கொடை நோட்டீஸை அடிக்க உட்கார்ந்தார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். முதல் இரண்டு சொற்கள் விரல் பட்டதுமே திரையில் விழுந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. மெஷின் மறுபடி நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். பழக்கம். பிறகுதான் அப்பாவின் கையைப் பார்த்தேன். விரல் கீபோர்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகப் பார்க்காமல் அடித்த எழுத்து. விரல் ஒரு கட்டையின் மேல் போகும், தயங்கும், திரும்பும். கடைசியில் கண்டுபிடித்து அழுத்துவார். அடுத்த சொல்லுக்குப் பிரதியைப் பார்ப்பார். திரைக்குத் திரும்பும்போது எங்கே விட்டோம் என்பது நினைவிருக்காது. மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்.

அடுத்த எழுத்து வர வேண்டிய இடத்தில் கோடு மட்டும் திரையில் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

பழைய மெஷின் இருந்தவரை இதெல்லாம் தெரியவில்லை. அது யோசிக்கிற நேரத்துக்குள் அவரும் யோசித்துக்கொண்டார். அது நின்றபோது அவரும் நின்றார். யாருக்காக யார் காத்திருந்தார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கும் முடியவில்லை. அவருக்கு முடிந்திருக்க வேண்டும். காரணம் காரணமாக அவர் தள்ளிப்போட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். “கண்ணாடிதான் மாத்தணும்” என்றார். கண்ணாடியை மாற்றினோம்.

கார்த்திகை கழிந்ததும் அண்ணாச்சி வந்தார். இளைய பேத்தியின் விவரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துவந்திருந்தார். இந்த முறை பேரனை நம்பவில்லை.

“மெஷின் மாத்தியாச்சாமே. காட்டும், பாப்போம்” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்து, “மாத்தலையே வே?” என்றார்.

“உள்ள புதுசு அண்ணாச்சி” என்றேன் நான்.

“எல்லாரும் தலைக்குச் சாயம் பூசி வெளியத்தான் புதுசாக்குவான். ஒங்கப்பன் வேற மாதிரி.”

அப்பா மூத்த பேத்தியின் கார்டைத் திறந்தார். அந்த வீட்டுக் கார்டில் இரண்டு இருந்தன. பிழையானது ஒன்று, திருத்தியது ஒன்று. அவர் திறந்தது பிழையானதை. திரையில் அண்ணாச்சியின் பெயர், அதற்கு முன்னால் அதே சொல்.

நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்தார். நான் வாயெடுக்கப் போனேன். அண்ணாச்சி தொடையில் வைத்திருந்த கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார். அப்பாவே பார்ப்பார் என்று நினைத்தார் போலும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

அப்பா பெண்ணின் பெயரை அடித்தார். அந்தப் பெயருக்கு நேரமாயிற்று. மாப்பிள்ளையின் பெயருக்கு இன்னும் நேரமாயிற்று. தெருவில் தலையில் மூட்டையோடு ஒரு சுமட்டுக்காரர் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனார். கடைக்குள் கீபோர்டின் சத்தம் மட்டும், அதுவும் எப்போதாவது. அண்ணாச்சி முதலில் திரையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் விரல்களைப் பார்த்தார். பிறகு எங்கேயும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

“சரியா இருக்கா அண்ணாச்சி?” என்றார் அப்பா.

அண்ணாச்சி திரையை இன்னொரு முறை பார்த்தார்.

“சரியா இருக்கு வே.”

“புரூஃப் நாளைக்கு எடுத்துரலாம்.”

“பேரனை அனுப்புதேன்” என்று எழுந்தார். போகும்போது அப்பாவின் தோளில் கையை வைத்தார். அந்தத் தெருவில் அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

அவர் போனதும் நான் திரையில் அந்தச் சொல்லைக் காட்டினேன். அப்பா புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அவாளும் பாத்தாகளா?”

“பாத்தாங்க.”

“ஒண்ணும் சொல்லலியே.”

அவரே அந்தச் சொல்லை அழித்தார். அழுத்தியதும் போய்விட்டது. அது அத்தனை சீக்கிரம் போனது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

“இதைக் கொஞ்சம் மெதுவாக்க முடியுமாலே?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆகவே நானும் போய்க் கேட்டேன். பழுது பார்ப்பவர் சிரித்தார். இத்தனை காலத்தில் இப்படி ஒருத்தர் கேட்டதில்லை என்றார். பழைய சாமான்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். பழைய இரும்பு எடுக்கும் ஆக்கிரிக்காரன் அப்போதே அள்ளிக்கொண்டு போய்விட்டானாம்.

“பேடிக்கண்டா” என்று தைரியம் சொன்னார். “கொஞ்ச வருஷம் போகட்டே. அது தன்னால ஸ்லோ ஆகும்.”

பேரன் வரவில்லை. அப்பா ஒவ்வொரு நாளும் அந்தப் புரூஃபை மேஜையின் ஓரத்தில், வருகிறவன் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அதை எடுத்து மேஜை டிராயருக்குள் வைப்பார். என்னைப் போய் விசாரித்து வரச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. மிளகாய்க் கடையைக் கடக்க வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு வேறு சந்தில் போனேன்.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணாச்சியே வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், கார்டு. அழைக்க வந்திருந்தார். பெரிய வீட்டுக்காரர், மாடிப்படிக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டு அழைத்தார்.

“கடை ஆளுககிட்ட குடுத்து அனுப்பலாம்னாங்க. உமக்கு நானே வந்து சொல்லணும்னு வந்தேன்.”

அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கார்டு கனமாக, வழுவழுவென்று இருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம். திருப்பினார். மலையாளம். மறுபடி திருப்பினார். அவர் எதைத் தேடுகிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“பயலுக போன்லயே செஞ்சுட்டானுக” என்றார் அண்ணாச்சி. “யார் வாசிக்கப்போறா, ரெண்டு பாஷை மதின்னுட்டான். நான் என்ன சொல்ல.”

அப்பா மலையாளத்தை மெல்ல வாசித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து, புரூஃப் பார்க்கிற மாதிரி.

“இதுல நான் உசிரோட இருக்கேனா? நல்லாப் பாத்துச் சொல்லும்” என்றார் அண்ணாச்சி.

“இருக்கீங்க அண்ணாச்சி” என்றார் அப்பா. “தப்பு ஒண்ணுமில்ல.”

கல்யாணத்துக்கு அப்பா போனார். நான் போகவில்லை. பந்தியில் அண்ணாச்சி தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார் என்று வந்து சொன்னார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். போளி நன்றாக இருந்தது என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பத்து வீட்டிலிருந்தும் யாரும் கல்யாணக் கார்டுக்கு வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை. தெருவில் பார்த்தால் நின்று பேசினார்கள். பதினாறாம் நாள் கார்டுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அதற்கு வீட்டிலிருக்கும் வயதானவர்களுக்காகத் தமிழ் வேண்டியிருந்தது. பொன்முடியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவன் போன் செய்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தேன். புரூஃப் வாசிக்க ஆள் வேண்டும். அது நான் எழுத்து கற்ற இடம்தான், ஆகவே பெரிய சிரமமில்லை.

அப்பா வேறு ஒரு முறைக்கு மாறினார். வந்தவர்கள் முன்னால் அடிக்கமாட்டார். விவரத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு தனியாக அடிப்பார். நான் வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். கோட்டைக்குப் பக்கத்தில் ஓட்டல் நடத்துகிறவர். அவருடைய அப்பா தவறிவிட்டார். மொட்டைத் தலையில் துண்டு போட்டிருந்தார். விவரத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இருந்து வாங்கிட்டே போயிருதேன். எவ்வளவு நேரம் ஆகும்?”

அப்பா அந்த மஞ்சள் பெட்டியை உள்ளங்கையால் தட்டினார்.

“மெஷின் பழசு சார். ரொம்ப மெதுவா ஓடும். நீங்க நாளைக்கு வாங்க.”

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு, இதையெல்லாம் கவனிக்கமாட்டாயா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

“மாத்தணும்னு நானும் தெனமும் சொல்லுதேன்” என்றேன். “கேக்க மாட்டேங்காங்க.”